குடியிலிருந்து மீள உங்கள் ஊருக்கு அருகில் ஓர் ஆதரவுக் குழுவைக் கண்டடைவது எப்படி: முழுமையான வழிகாட்டி

குடியை விட்டவருக்கு ஒரு நாளின் எல்லா மணி நேரமும் ஒரே கனமாக இருப்பதில்லை. காலைப்பொழுது வேலையில் போய்விடும், மதியம் அசதியில் போய்விடும். பட்டறையையோ அலுவலகத்தையோ பூட்டிவிட்டு வழக்கமாகக் கடைப்பக்கம் கால் திரும்பும் அந்த மாலை நேரம் மட்டும் நகரவே நகராது. என் தாய்மாமன் குடியை நிறுத்திய முதல் மாதங்களில் ஆறரை மணி முதல் எட்டு மணி வரை வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டே இருப்பார். யார் பேச்சுக் கொடுத்தாலும் எரிந்து விழுவார். அவருக்கு அறிவுரை சொல்ல வீட்டில் பத்துப் பேர் இருந்தோம். அந்த ஒன்றரை மணி நேரம் எப்படிப்பட்டது என்று உள்ளிருந்து அறிந்தவர் எங்களில் ஒருவரும் இல்லை. அதை அறிந்தவர்கள் பக்கத்து ஊரில் வாரம் மூன்று மாலை ஓர் அறையில் கூடுகிறார்கள் என்பது எங்களுக்குத் தெரிய வரவே நான்கு ஆண்டுகள் ஆயின. அந்தத் தாமதம் இன்னொரு குடும்பத்துக்கு நேரக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

எங்கள் குடும்பம் விதிவிலக்கன்று. மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019-இல் வெளியான தேசிய ஆய்வு, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஓர் உதவியைப் பெற்றிருந்தார் என்றும், மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவரே என்றும் கணக்கிட்டது. உதவி அருகில் இல்லாதது ஒரு காரணம். அருகில் இருப்பதே தெரியாதது இன்னொரு காரணம்.

முதற்படி: குழுவைத் தேடும் முன் உடலைப் பாதுகாத்தல்

நாள்தோறும் குடிப்பவர், அதிலும் காலையில் கொஞ்சம் போட்டால்தான் கை நடுக்கம் நிற்கும் என்ற நிலையில் இருப்பவர், மருத்துவரைப் பார்க்காமல் ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்தானது. நிறுத்திய 6 முதல் 24 மணி நேரத்துக்குள் நடுக்கம், வியர்வை, குமட்டல், தூக்கமின்மை ஆகியவை தொடங்கும். முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சிலருக்கு நேரம், இடம், ஆள் என எதுவும் புரியாத குழப்பமும், இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிவதும் ஏற்படும். இந்த நிலை உயிரைப் பறிக்கக்கூடியது. இதைக் காற்றுக் கருப்பு என்று நினைத்து மந்திரிக்க அழைத்துச் செல்லாமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

நம் ஊர்களில் இதற்கென ஒரு தனிச் சூழல் உண்டு. கார்த்திகையில் மாலை போட்டுக்கொண்டோ, குலதெய்வத்தின் முன் கயிறு கட்டிக்கொண்டோ ஒரே நாளில் குடியை நிறுத்துவோர் ஏராளம். அந்த நம்பிக்கையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. என் மாமனும் மூன்று ஆண்டுகள் மாலை போட்டு அந்த மண்டலக் காலம் முழுவதும் ஒரு சொட்டும் தொடாதவர். ஆனால் மாலை போட்ட மூன்றாம் நாள் அவருக்கு வலிப்பு வந்தது. மாலையைக் கழற்றிய அன்று மாலையே அவர் கடைக்குப் போனார். விரதத்துக்கு முன்னால் மருத்துவரும் விரதத்துக்குப் பின்னால் ஒரு குழுவும் இருந்திருந்தால் இரண்டையும் தவிர்த்திருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

எந்த மருத்துவரிடம் போனாலும் எவ்வளவு குடித்தீர்கள், கடைசியாக எப்போது குடித்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். நெடுநாள் குடித்தவர் உடலில் தயமின் எனப்படும் பி1 வைட்டமின் குறைந்திருக்கும். அதைக் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்பட்டு, நினைவாற்றல் நிரந்தரமாகக் கெடும் அபாயம் உண்டு. குடியை மறைத்து, "சோர்வாக இருக்கிறது, ஒரு பாட்டில் ஏற்றிவிடுங்கள்" என்று தெருமுனைக் கிளினிக்கில் கேட்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

இரண்டாம் படி: எதைத் தேடுகிறோம் என்று தெளிதல்

குடிமீட்பு மையம், ஆதரவுக் குழு ஆகிய இரண்டையும் பலர் ஒன்றாக எண்ணிக் குழம்புகிறார்கள். மையம் என்பது சில வாரங்கள் தங்கிச் சிகிச்சை பெறும் இடம். குழு என்பது சிகிச்சை முடிந்த பிறகும், சிலருக்குச் சிகிச்சையே தேவைப்படாத நிலையிலும், ஆண்டுக்கணக்கில் வாரந்தோறும் போய் உட்காரும் இடம். மையத்தில் பணம் கட்ட வேண்டியிருக்கலாம். குழுவில் கட்டணம் கேட்டால் அது நீங்கள் தேடும் குழு அன்று.

குழுக்களில் பரவலாக இருப்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். ஏ.ஏ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் 1935-இல் தொடங்கிய இவ்வியக்கம் 1957-இல் இந்தியாவுக்கு வந்தது. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே உறுப்பினராவதற்கான தகுதி. பெயர்ப் பதிவேடு இல்லை, அடையாள அட்டை கேட்பதில்லை, வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை. கூட்டத்தில் ஒரு பை சுற்றி வரும், இருப்பவர் இயன்றதைப் போடுவார்கள், புதியவர் போட வேண்டியதில்லை. இது வெறும் மன ஆறுதலுக்கான இடம் என்று எண்ண வேண்டாம். 27 ஆய்வுகளையும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களையும் உள்ளடக்கி மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட மீளாய்வு, ஏ.ஏ.வில் சேர்ந்து தொடருமாறு முறையாக ஊக்குவிக்கும் சிகிச்சைகள் முழுமையாகக் குடியை விட்டிருப்பதில் பிற உளவியல் சிகிச்சைகளை விட அதிகப் பலன் தருவதாகக் கண்டறிந்தது.

இதைத் தவிர, மருத்துவமனைகளும் மறுவாழ்வு மையங்களும் தங்களிடம் சிகிச்சை பெற்றவர்களுக்காக நடத்தும் தொடர் சந்திப்புகள் உண்டு. குடிப்பவரின் மனைவி, பெற்றோர், பிள்ளைகள் ஆகியோருக்கென 1951-இல் உருவான அல்-அனான் என்ற தனி இயக்கமும் உண்டு. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

மூன்றாம் படி: எங்கே விசாரிப்பது

வீட்டிலிருந்தபடியே தொடங்குவதானால் 14446 என்ற எண்ணை அழையுங்கள். போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண் இது. மனநலத்துக்கான டெலி-மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டு அரசின் 104 மருத்துவ உதவி எண்ணிலும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். இம்மூன்றிலும் "சிகிச்சை எங்கே கிடைக்கும்" என்பதோடு நிறுத்திவிடாமல், "என் மாவட்டத்தில் தொடர் ஆதரவுக் கூட்டம் எங்கே நடக்கிறது" என்று தனியாகக் கேளுங்கள். கேட்காவிட்டால் பெரும்பாலும் மையங்களின் பெயர்கள் மட்டுமே கிடைக்கும்.

அடுத்தது, என் அனுபவத்தில் மிகவும் பயன்பட்ட வழி: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவு. அங்கே புறநோயாளிச் சீட்டு வாங்கி மருத்துவரைப் பார்த்த பிறகு, அங்குள்ள சமூகப் பணியாளரையோ உளவியல் ஆலோசகரையோ கேளுங்கள். எந்தக் குழு உண்மையில் தொடர்ந்து நடக்கிறது, எது பெயரளவில் மட்டும் இருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு வட்டார மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாட்களில் வருவதுண்டு. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்த நாளைக் கேட்டறியலாம்.

சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் இருப்பவர்களுக்கு இந்திரா நகரில் உள்ள டி.டி.கே. மருத்துவமனை ஒரு நல்ல தொடக்கம். தம் கணவரைக் குடிநோய்க்கு இளம் வயதிலேயே பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய நிறுவனம் அது. குடிப்பவரோடு குடும்பத்தாரையும் சிகிச்சைக்குள் கொண்டுவருவது அதன் முறை. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலும் விசாரிக்கலாம். ஏ.ஏ.வின் இந்திய இணையதளத்தில் ஊர்வாரியாகத் தொடர்பு விவரங்கள் கிடைக்கும். பட்டியலில் உள்ள நேரத்தை மட்டும் நம்பிப் புறப்பட வேண்டாம். கூட்டங்கள் இடம் மாறுவதும் கிழமை மாறுவதும் வழக்கம் என்பதால் அழைத்து உறுதி செய்துகொண்ட பிறகே போக வேண்டும். பூட்டிய கதவின் முன் நின்று திரும்பியவர் மறுபடி வருவது மிகவும் கடினம்.

தேடும்போது ஓர் எச்சரிக்கை. "ஒரே வாரத்தில் குடியை மறக்கடிப்போம்", "வீட்டுக்கே வந்து அழைத்துச் செல்வோம்" என்ற விளம்பரங்களும் உங்கள் கண்ணில் படும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி குடிமீட்பு மையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை அச்சட்டம் முற்றாகத் தடை செய்கிறது. பதிவுச் சான்றைக் காட்டத் தயங்கும் இடத்திலும், உறவினர் நோயாளியைப் பார்க்கவே கூடாது என்று சொல்லும் இடத்திலும் ஒருவரைச் சேர்க்காதீர்கள்.

நான்காம் படி: முதல் தொலைபேசி அழைப்பு

பலர் எண்ணைக் கைப்பேசியில் பதிந்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் அழைக்காமலே இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது ஏ.ஏ. பிறந்த கதையைத்தான். பில் என்ற நியூயார்க் பங்குத் தரகர் 1935 மே மாதத்தில் தொழில் நிமித்தம் ஆக்ரனுக்குப் போய், எடுத்த காரியம் தோல்வியுற்று, தங்கியிருந்த விடுதியின் கூடத்தில் தனியாக நின்றார். அவர் குடியை விட்டு ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. கூடத்தின் ஒரு பக்கம் மதுக்கூடம். இன்னொரு பக்கம் தொலைபேசியும் உள்ளூர்த் தேவாலயங்களின் பட்டியலும். அவர் தொலைபேசியின் பக்கம் போய், தன்னைப் போலவே குடியோடு போராடும் ஒருவரோடு பேச வேண்டும் என்று ஒவ்வொருவராகக் கேட்டார். அப்படிக் கிடைத்தவர்தான் பாப் என்ற அறுவை மருத்துவர். பதினைந்து நிமிடம் மட்டுமே இருப்பேன் என்ற நிபந்தனையோடு வந்த பாப், பல மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். அவர் கடைசியாகக் குடித்த நாளான ஜூன் 10 தான் அவ்வியக்கத்தின் தொடக்க நாளாகக் கொண்டாடப்படுகிறது.

என்ன பேசுவது என்று தடுமாறுபவர் இப்படித் தொடங்கலாம்: "வணக்கம் ஐயா. எனக்குக் குடிப்பழக்கம் இருக்கிறது, விட விரும்புகிறேன். எங்கள் பக்கத்தில் எந்தக் கிழமை, எத்தனை மணிக்குக் கூட்டம் நடக்கிறது? முதல் முறை வருகிறேன், வாசலில் யாராவது நின்று அழைத்துப் போக முடியுமா?" இந்தக் கடைசிக் கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள். என் மாமன் அழைத்தபோது எதிர்முனையில் இருந்தவர், "நானும் குடிச்சவன்தாண்ணே, பஸ் ஸ்டாண்டுல இறங்கி ஒரு போன் போடுங்க, நானே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றார். மாமனுடைய முழுப்பெயரை அவர் கேட்கவில்லை, மாமனும் சொல்லவில்லை.

ஐந்தாம் படி: எந்தக் கூட்டத்தைத் தேர்ந்தெடுப்பது

ஒன்றுக்கு மேற்பட்ட கூட்டங்கள் கிடைத்தால், பெரிய கூட்டம், பழைய கூட்டம், படித்தவர்கள் வரும் கூட்டம் என்றெல்லாம் பார்க்காமல், நீங்கள் வழக்கமாகக் குடிக்கத் தொடங்கும் நேரத்தில் நடக்கும் கூட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். மற்ற எல்லாவற்றையும் விட இதையே நான் முதன்மையாகக் கருதுகிறேன். டாஸ்மாக் கடை பகல் 12 மணியிலிருந்து இரவு 10 மணி வரை திறந்திருக்கிறது. அந்தப் பத்து மணி நேரத்தில் உங்களை இழுக்கும் மணி எது என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த மணியில் கடையின் எதிர்த்திசையில் உங்களை உட்கார வைக்கும் அறையே உங்களுக்கான அறை.

அடுத்துப் போக்குவரத்தைப் பாருங்கள். போகும் வழியில் பழைய பார் இருக்கிறதா, கூட்டம் முடிந்து திரும்பக் கடைசிப் பேருந்து கிடைக்குமா என்பவை சிறிய கேள்விகளாகத் தோன்றலாம். ஆனால் மழைக்காலத்தில் ஒருவர் தொடர்ந்து போவாரா மாட்டாரா என்பதை இவையே முடிவு செய்கின்றன.

சிற்றூர்களில் இருப்பவர்களுக்கு ஓர் இக்கட்டு உண்டு. உள்ளூர்க் கூட்டத்துக்குப் போனால் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற கூச்சத்தில் இருபது கிலோமீட்டர் தள்ளியுள்ள நகரத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். தொடக்கத்தில் அது சரியே. ஆனால் சில வாரங்கள் கழித்து அருகிலுள்ள கூட்டத்துக்கும் ஒருமுறை போய்ப் பார்ப்பது நல்லது, ஏனெனில் நள்ளிரவில் ஆசை மேலிட்டால் மிதிவண்டியில் வந்து சேரக்கூடிய தூரத்தில் ஒரு நண்பர் இருப்பது பெரிய பாதுகாப்பு. நாம் கூட்டத்துக்குப் போவதை யாராவது பார்த்துவிடுவார்களே என்று அஞ்சுகிறோம். சாலையோரத்தில் விழுந்து கிடந்தபோது ஊரே பார்த்திருக்கும்.

குடியை விட விரும்புவோர் மட்டும் வரக்கூடிய கூட்டத்தை மூடிய கூட்டம் என்றும், குடும்பத்தினரும் வரக்கூடியதைத் திறந்த கூட்டம் என்றும் சொல்வார்கள். துணையோடு போக விரும்பினால் திறந்த கூட்டம் எந்த நாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தமிழில் நடக்கிறதா, ஆங்கிலத்தில் நடக்கிறதா என்பதையும் கேளுங்கள். மனத்தில் உள்ளதைத் தாய்மொழியில் கொட்ட முடியாத இடத்தில் ஒருவர் வெகுநாள் நீடிப்பதில்லை.

ஆறாம் படி: முதல் நாள்

பெரும்பாலும் ஒரு பள்ளி வகுப்பறையோ, தேவாலய வளாகத்தில் ஓர் அறையோ, மருத்துவமனைக் கூடமோ இருக்கும். தேவாலய வளாகம் என்றதும் மதம் மாற்றிவிடுவார்களோ என்று தயங்குவோர் உண்டு. வாடகைக்கோ அன்புக்கோ கிடைத்த இடம் என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை, ஏ.ஏ. எந்த மதத்தையும் எந்தக் கட்சியையும் சாராதது. குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்திருக்கும் பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல் வரும். "நாம் புரிந்துகொண்ட விதத்தில்" என்ற தொடரும் கூடவே வரும். முருகனை நினைப்பவரும் அல்லாஹ்வை நினைப்பவரும் அதே பெஞ்சில் உட்காருகிறார்கள். கடவுள் நம்பிக்கை இல்லாத சிலர் அந்தக் குழுவையே தங்களை விடப் பெரிய சக்தியாக எடுத்துக்கொள்கிறார்கள்.

கூட்டம் ஏறக்குறைய ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் நடக்கும். முதலில் நோக்கத்தைச் சொல்லும் ஒரு பகுதியை வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தம் பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கித் தம் கதையைப் பகிர்ந்துகொள்வார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதில்லை. முடித்த பிறகு அறிவுரை சொல்வதும் இல்லை. உங்களைப் பேசச் சொன்னால், "இன்று கேட்க மட்டும் வந்தேன்" என்று சொல்லலாம், யாரும் தவறாக எண்ண மாட்டார்கள். ஓராண்டு, ஐந்தாண்டு குடிக்காமல் இருந்தவருக்குப் பதக்கம் கொடுத்துக் கைதட்டுவார்கள். முதல் நாள் வந்தவருக்கும் அதே கைதட்டல் கிடைக்கும். முடிந்ததும் தேநீர் இருக்கும். தேநீருக்கு முன்பே எழுந்து ஓடிவிடாதீர்கள். தொலைபேசி எண்கள் கைமாறுவது அந்தப் பத்து நிமிடத்தில்தான்.

கூடுமானவரை குடிக்காமல் போக வேண்டும். குடித்துவிட்டீர்கள் என்றால், அதற்காகப் போகாமல் இருந்துவிட வேண்டாம். பின்வரிசையில் அமைதியாக உட்கார்ந்து கேளுங்கள்.

ஏழாம் படி: பொருந்துகிறதா என்று அறிதல்

ஒரே ஒரு கூட்டத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். முதல் கூட்டத்தில் யாரோ ஒருவர் நீளமாகப் பேசியிருப்பார், உங்களுக்குச் சலிப்பாக இருந்திருக்கும். குறைந்தது ஆறு முறையாவது போங்கள். இயன்றால் இரண்டு வெவ்வேறு குழுக்களுக்குப் போங்கள். தொண்ணூறு நாளில் தொண்ணூறு கூட்டம் என்பது பழையவர்கள் புதியவர்களுக்குச் சொல்லும் கணக்கு. நாள்தோறும் கூட்டம் இல்லாத ஊரில் இணையவழிக் கூட்டங்களையும் சேர்த்துத்தான் அதை நிறைவேற்ற முடியும். சில வாரங்களில், உங்களுக்கு முன்பே இந்த வழியில் வந்த ஒருவரை ஸ்பான்சராக, அதாவது வழித்துணையாக இருக்கும்படி கேளுங்கள். ஆண்களுக்கு ஆணும் பெண்களுக்குப் பெண்ணும் துணையாக இருப்பது நடைமுறை.

பெண்களுக்கு இந்தத் தேடல் இன்னும் கடினமானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இருபது ஆண்கள் நிறைந்த அறைக்குள் தனியாக நுழைவது எளிதன்று. பெண்களுக்கான இணையவழிக் கூட்டத்தில் தொடங்கி, அங்கே அறிமுகமான ஒருவரோடு நேர்க்கூட்டத்துக்குப் போவது நல்ல வழி. எந்தக் குழுவிலும் யாராவது பணம் கேட்டாலோ, அத்துமீறிப் பேசினாலோ, மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொன்னாலோ, அந்தக் குழுவை விட்டு வேறு குழுவுக்குப் போய்விடுங்கள்.

எட்டாம் படி: குடும்பத்தினர் செய்ய வேண்டியது

குடிப்பவர் வர மறுக்கிறார் என்றால் நீங்கள் முதலில் போகலாம். அல்-அனான் கூட்டம் அதற்காகவே இருக்கிறது. பதின்வயதுப் பிள்ளைகளுக்கு அதன் ஒரு பகுதியாக அலட்டீன் உண்டு. அவரை எப்படி நிறுத்துவது என்பதை அங்கே சொல்லித்தர மாட்டார்கள். அவருடைய கடனை நீங்கள் அடைப்பது, அலுவலகத்துக்கு அவருக்காகப் பொய் சொல்வது, விடிய விடிய வாசலில் காத்திருப்பது ஆகியவற்றிலிருந்து நீங்கள் மீள்வதைப் பற்றியே அங்கு பேசுவார்கள். என் அத்தை மாமனுக்கு ஐந்து மாதம் முன்பே போகத் தொடங்கினார். வீட்டில் சண்டை குறைந்ததைப் பார்த்துத்தான் மாமன், "அங்கே என்னதான் பேசிக்கிறீங்க?" என்று கேட்டார்.

ஒன்றை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள்: அவருக்குத் தெரியாமல் சாம்பாரிலோ பாலிலோ மருந்து கலந்து கொடுப்பது. அப்படி விற்கப்படும் பொடிகளில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டைசல்ஃபிராம் என்ற உண்மையான மருந்தாக இருந்தாலும், அதை உட்கொண்டவர் அறியாமல் குடித்தால் வாந்தி, படபடப்பு, இரத்த அழுத்த வீழ்ச்சி என்று தொடங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். நோயாளியின் சம்மதத்தோடும் மருத்துவரின் கண்காணிப்போடும் மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்து அது.

மீண்டும் குடித்துவிட்டால்

சாவு வீடு, கல்யாண வீட்டு இரவு, தீபாவளி, காணும் பொங்கல், சம்பள நாள் ஆகிய ஐந்தும் வழுக்கும் இடங்கள் என்பதை முன்கூட்டியே நாட்காட்டியில் குறித்துக்கொண்டு, அன்று எந்தக் கூட்டம் நடக்கிறது, யாரை அழைப்பது என்று முடிவு செய்து வையுங்கள். அப்படியும் தவறிவிட்டால், மறுநாளே குழுவுக்குப் போங்கள். என்ன முகத்தோடு போவது என்று ஒரு மாதம் ஒளிந்திருப்பதுதான் அந்த ஒரு குவார்ட்டரை விட அதிகக் கேடு செய்கிறது. அந்த அறையில் உள்ளவர்களில் பலர் அதே வழியில் திரும்பி வந்தவர்கள்.

உங்கள் பகுதியில் குழுவே இல்லாவிட்டால்

இணையவழிக் கூட்டங்கள் உண்டு. வளைகுடா நாடுகளிலும் மலேசியாவிலும் பணிபுரியும் தமிழர்கள்கூடக் கைப்பேசி வழியே ஊர்க் கூட்டத்தில் கலந்துகொள்ளலாம். ஆனாலும் ஓர் அறையும் எதிரே ஒரு முகமும் தருவதைத் திரை முழுமையாகத் தருவதில்லை என்பது என் கருத்து. குடியை விடுவதற்காக இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்தாலே அதை ஒரு குழு என்று அழைத்துக்கொள்ளலாம் என்பது ஏ.ஏ.வின் மரபு. ஆகவே அருகிலுள்ள நகரத்துக் குழுவில் ஆறு மாதம் தொடர்ந்து போய்ப் பழகிய பிறகு, அவர்களிடமே கேட்டு, வாசிக்க வேண்டிய பகுதிகளையும் வழிமுறையையும் வாங்கி வந்து உங்கள் ஊரில் தொடங்கலாம். வாரத்தில் ஒரு கிழமை, மாறாத ஒரு நேரம், தலைமையாசிரியரிடமோ வேறு எவரிடமோ கேட்டு வாங்கிய ஓர் அறை, நான்கு நாற்காலி, ஒரு பிளாஸ்க் தேநீர் போதும். மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிழமையையும் நேரத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

என் மாமன் எங்கள் ஊரில் அப்படித் தொடங்கியபோது முதல் ஏழு வாரம் யாருமே வரவில்லை. வியாழக்கிழமை ஆறரை மணிக்குக் கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, எட்டு மணி வரை தனியாக உட்கார்ந்திருந்துவிட்டுப் பூட்டிக்கொண்டு வருவார். எட்டாவது வாரம் ஒருவர் வாசல் வரை வந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஒன்பதாவது வாரம் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.